சாகசக் கிளைடர் கோணலாகப் பறக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஃபோம் வெட்டி, கார்பன் குழாய் பதித்து, டேப் ஒட்டி வீட்டிலேயே செய்த ரேடியோ கிளைடர் மலைச்சரிவுக் காற்றில் நேராகப் பறப்பது பெரிய சங்கதிதான். ஆனால் லூப் (செங்குத்தான வட்டம்), ரோல் (நீளவாக்கில் உருளுவது), தலைகீழ்ப் பறத்தல் என்று இறங்கியதும் வேலை மேசையில் கவனிக்காமல் விட்டவை ஒவ்வொன்றாக வெளியே வரும். லூப் ஒரு பக்கம் சாயும், ரோல் கார்க் திருகியைப் போல வளையும், மூக்கை இறக்கிப் பாயும் டைவிலிருந்து மூக்கு மேலே வராது. இப்படி ஏதாவது நடந்தவுடன் டிரான்ஸ்மிட்டரைத் திறந்து டிரிம்மையும் (ஸ்டிக்கைத் தொடாதபோது அசையும் பரப்புகள் நிற்கும் நிலை) மிக்ஸிங்கையும் (ஒரு பரப்போடு இன்னொன்றும் சேர்ந்து அசையும் ஏற்பாடு) மாற்றிப் பார்க்கத்தான் கை போகும். அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான். எந்தக் கோளாறாக இருந்தாலும் நிமிர்ந்த நிலையில் ஒருமுறை, தலைகீழ் நிலையில் ஒருமுறை பறக்கவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் அது ஒரே மாதிரி இருக்கிறதா, பக்கம் மாறுகிறதா, காணாமல் போகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். சாதாரண கிளைடருக்குச் சொல்லப்படும் வைத்தியங்கள் இங்கே பலிக்காததற்கும் இதுதான் காரணம். இறக்கை நுனியைக் கொஞ்சம் கீழ்நோக்கி முறுக்குவது, இறக்கைகளை V போல உயர்த்திவைப்பது, எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும், விமானத்தை உருட்டும் பரப்பு) கீழே போகும் அளவைக் குறைப்பது ஆகிய மூன்றும் நிமிர்ந்து பறக்கும்போது உதவும். தலைகீழானதும் மூன்றுமே எதிரியாகிவிடும்.

கீழே வரும் அளவுகள் சுமார் 1.5 மீட்டர் இறக்கை நீளமும் 900 கிராம் எடையும் உள்ள, இறக்கை மேலும் கீழும் ஒரே மாதிரி வளைந்த (சமச்சீர் வெட்டுத்தோற்றம்), வால் உள்ள கிளைடருக்கானவை. வாலில்லாத பறக்கும் இறக்கைக்கு ஈர்ப்பு மையக் கணக்கே வேறு. அதை இதோடு கலக்காதீர்கள்.

கையை விட்டதும் தரையை நோக்கிப் போகிறது, அல்லது ஒரு பக்கம் புரண்டுவிடுகிறது

புரண்டால் முதல் சந்தேகம் எய்லரான் திசை. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். விமானத்தின் பின்னால் நின்று, வாலிலிருந்து மூக்கை நோக்கிப் பார்த்தபடி சோதியுங்கள். முன்னால் நின்று பார்த்தால் குழம்பிப்போகும். சர்வோவை (பரப்புகளை அசைக்கும் சிறிய மோட்டார்) கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும், டிரான்ஸ்மிட்டரில் மாடல் மெமரியை (ஒவ்வொரு விமானத்துக்கும் சேமித்த அமைப்பு) மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

நேராகக் கீழே போனால் வீச்சில் வேகம் போதவில்லை, அல்லது மூக்கை மேலே தூக்கி வீசியிருக்கிறீர்கள். அடிவானத்துக்குச் சற்றுக் கீழே மூக்கை வைத்து, இறக்கை மட்டமாக இருக்க, காற்றை எதிர்த்து ஈட்டி எறிவது போல நேராகத் தள்ளுங்கள். சமச்சீர் இறக்கை மெதுவான வேகத்தில் அதிகம் தூக்காது. கையை விட்ட உடனே எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) இழுக்காமல் ஒரு நொடி வேகம் சேரவிடுங்கள்.

டைவில் மூக்கு தானாக எழும்புகிறது, அல்லது இன்னும் உள்ளே மடங்குகிறது

ஈர்ப்பு மையத்தைச் சோதிக்க எல்லோரும் செய்வது டைவ் சோதனை. நல்ல உயரத்தில் மட்டமாக டிரிம் செய்து, 30 முதல் 45 டிகிரி சரிவில் மூக்கை இறக்கி, ஸ்டிக்கை விட்டுவிட வேண்டும். வேகமாக எழும்பினால் மூக்கு கனம். மூக்கு மேலும் கீழே மடங்கினால் வால் கனம். நேராகப் போனாலோ, மிக மெதுவாக எழும்பினாலோ சரி.

முதல் பறப்புக்கு இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் மையத்தை வையுங்கள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டுபோகலாம். மூக்கிலிருந்து ஈயத்தைக் குறைக்கும்போது கணக்கோடு குறைக்க வேண்டும். மையத்திலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கும் 5 கிராம் ஈயத்தை 900 கிராம் விமானத்திலிருந்து எடுத்தால் மையம் ஏறத்தாழ 1.7 மி.மீ. பின்னால் போகும். ஒரு தடவைக்கு இது போதும். 20 கிராமை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு விமானம் அடங்கவில்லை என்று திண்டாட வேண்டாம்.

இங்கேதான் தலைகீழ் சோதனை கைகொடுக்கும். டைவ் சோதனை சில சமயம் பொய் சொல்லும். சர்வோவிலிருந்து எலிவேட்டருக்குப் போகும் இணைப்புக் கம்பியான புஷ்ராடு மெல்லியதாக இருந்து வளைந்தால், டைவில் வேகம் கூடும்போது காற்றழுத்தம் எலிவேட்டரை நடுவை நோக்கித் தள்ளிவிடும். டிரிம்மில் வைத்திருந்த மேல்நோக்கிய அளவு காணாமல் போகும். விமானம் உள்ளே மடங்கும். வால் கனம் என்று நினைத்து மூக்கில் ஈயம் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அதனால் மட்டமாகத் தலைகீழாகப் பறக்கவிட்டு, மூக்கை நிறுத்த ஸ்டிக்கை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். லேசாகத் தள்ளினால் போதும் என்றால் மையம் சரியான இடத்தில் இருக்கிறது. நிறையத் தள்ள வேண்டுமென்றால் மூக்கு கனம். ஒன்றுமே தள்ளாமல் தலைகீழாகவே மேலே ஏறினால் மையம் அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டது. டைவ் சோதனை வால் கனம் என்று சொல்லி, தலைகீழ் சோதனை மூக்கு கனம் என்று சொன்னால் இரண்டும் முரண்படுகின்றன. அப்போது ஈயத்தைத் தொடாதீர்கள். கோளாறு புஷ்ராடில் இருக்கிறது, அல்லது வேகத்தில் வால் பகுதியே வளைகிறது.

டைவிலிருந்து மூக்கை எழுப்ப முடியவில்லை

மேலே சொன்னதன் முற்றிய நிலை இது. விமானத்தை இழப்பதும், அதைவிட மோசமாக, கீழே இருக்கும் ஒருவரைக் காயப்படுத்துவதும் இந்தக் கோளாறில் நடக்கலாம். சரிசெய்யாமல் மறுபடி வீசாதீர்கள்.

தரையில் டிரான்ஸ்மிட்டரை இயக்கி, ஸ்டிக்கை முழுதாகப் பின்னால் இழுத்துப் பிடித்து, எலிவேட்டரின் பின்விளிம்பை விரலால் கீழே அழுத்துங்கள். சர்வோ கை அசையாமல் எலிவேட்டர் மட்டும் இறங்கினால் இடையில் ஏதோ வளைகிறது. உடற்பகுதிக்குள் எட்டிப் பாருங்கள். நீளமான கம்பி நடுவில் வில் போல வளைவது கண்ணுக்கே தெரியும். அதைக் கார்பன் குச்சியாக மாற்றுங்கள். குழாய்க்குள் ஓடும் புஷ்ராடு என்றால், வெளிக்குழாயை 10 செ.மீ.க்கு ஓர் இடமாக உடற்பகுதியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு முனைகளில் மட்டும் ஒட்டி நடுவைத் தொங்கவிடுவதுதான் அதிகம் பார்க்கும் குறை.

சர்வோ கையே பின்வாங்கினால் சர்வோவுக்குப் பலம் போதவில்லை, அல்லது இணைப்பின் விகிதம் தவறு. சர்வோ கையில் உள் ஓட்டையையும், எலிவேட்டர் ஹார்னில் (பரப்பில் புஷ்ராடை மாட்டும் சிறிய கை) வெளி ஓட்டையையும் பயன்படுத்துங்கள். தேவையான அசைவு கிடைக்கும் வரை இந்த விகிதத்தையே வைத்திருங்கள். வெளி ஓட்டையில் மாட்டிவிட்டு, அசைவு அதிகமாகிவிட்டதே என்று டிரான்ஸ்மிட்டரில் 50 சதவீதமாகக் குறைப்பவர்கள் சர்வோவின் பலத்தில் பாதியை வீணாக்குகிறார்கள். சர்வோவின் பற்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வும் எலிவேட்டரில் இரண்டு மடங்காகத் தெரியும்.

லூப் நேராக வராமல் ஒரு பக்கம் சாய்கிறது

இது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. காரணம் மூன்று நான்கு இருந்தாலும் சோதனை அவற்றைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டிவிடும்.

முதலில் இறக்கைகளின் அடிப்பக்கத்தில் இடது, வலது தெரியும்படி வெவ்வேறு நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். பிறகு ஸ்டிக்கை இழுத்து ஒரு உள் லூப் போடுங்கள். அடுத்து தலைகீழாகப் போய், தள்ளி ஒரு வெளி லூப் போடுங்கள். முழு வட்டம் வராவிட்டாலும் பரவாயில்லை, கால் வட்டம் போதும். ஒவ்வொன்றிலும் வட்டத்துக்கு வெளியே தொங்கும் இறக்கை எது என்று கவனியுங்கள்.

இரண்டிலும் ஒரே இறக்கைதான் வெளியே தொங்குகிறது என்றால் அந்த இறக்கை கனமாக இருக்கிறது, அல்லது எலிவேட்டரின் இரு பாதிகளும் சமமாக அசையவில்லை. லூப் போடும்போது எல்லா எடையும் வட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவதால் கனமான இறக்கை இழுத்தாலும் வெளியே போகும், தள்ளினாலும் வெளியே போகும். உள் லூப்பில் ஒரு இறக்கையும் வெளி லூப்பில் மற்றதும் தொங்கினால் எடை காரணமாக இருக்க முடியாது. இறக்கை முறுக்கியிருக்கிறது, அல்லது எய்லரான், ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பரப்பு) டிரிம் நடுவில் இல்லை.

எடையைத் தரையிலேயே உறுதிப்படுத்தலாம். மூக்கின் நுனியையும் வாலின் நுனியையும் இரண்டு பேர் விரலால் தாங்க, எந்த இறக்கை கீழே இறங்குகிறது என்று பாருங்கள். 100 கிராம் பேட்டரி நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. விலகி இருந்தாலே, அதை ஈடுகட்ட எதிர்ப்பக்க நுனியில் ஏறத்தாழ 3 கிராம் வேண்டும். முடிந்தால் பேட்டரியை நடுவுக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் லேசான இறக்கையின் நுனியில் ஒரு சிறிய ஆணியைச் செருகி டேப் ஒட்டுங்கள்.

டிரிம் செய்து மறைத்த எடைக் குறையைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. மெதுவாகப் பறக்கும்போது இடது பக்கம் சாய்ந்து, வேகமாகப் போகும்போது வலது பக்கம் சாய்ந்தால் இடது இறக்கை கனம். ஒரு நடுத்தர வேகத்தில் எய்லரான் டிரிம்மால் அதைச் சமன் செய்திருப்பீர்கள். எடை வேகத்தோடு மாறாது, எய்லரானின் பலம் வேகத்தோடு கூடும். அதனால்தான் இந்தப் புரட்டல். முறுக்கைச் சரிக்கட்டிய டிரிம் இப்படி மாறாது, ஏனென்றால் முறுக்கின் பலமும் எய்லரானின் பலமும் வேகத்தோடு ஒரே விகிதத்தில் கூடுகின்றன.

முறுக்கு என்று தெரிந்தால் அதை நேராக்குங்கள், டிரிம்மில் விடாதீர்கள். இபிபி எனும் வளைந்துகொடுக்கும் ஃபோம் மீது சுருங்கும் ஃபிலிம் போட்ட இறக்கை என்றால், எதிர்த்திசையில் தேவைக்குச் சற்று அதிகமாக முறுக்கிப் பிடித்து, ஃபிலிமின் இருபக்கமும் சூடேற்றி, ஆறும் வரை விடாமல் பிடித்திருங்கள். இரண்டு பேர் இருந்தால் எளிது. மட்டமான கண்ணாடிப் பலகையில் இறக்கையை வைத்து, பின்விளிம்பின் உயரத்தை இருபுறமும் அளந்து சரிபார்க்கலாம்.

இறுக்கி இழுத்தால் பட்டென்று புரண்டுவிடுகிறது

திருப்பத்தில் ஸ்டிக்கை முழுதாக இழுத்ததும் விமானம் துள்ளிப் புரள்வது ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழப்பது. எலிவேட்டர் அசைவு இறக்கை தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. உயரத்தில் வைத்து, ஸ்டிக்கை முழுதாக இழுத்தாலும் புரளாத அளவுக்கு அசைவைக் குறையுங்கள். முழு அசைவையும் வேண்டுமென்றே பயன்படுத்தும் ஸ்னாப் (திடீரென்று உருளுவது), ஸ்பின் (சுழன்றபடி இறங்குவது) வேலைகளுக்கு டிரான்ஸ்மிட்டரில் இரண்டாவது அளவாகத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம்தான் புரள்கிறது என்றால் அசைவைக் குறைப்பதோடு நிற்காமல் காரணத்தையும் தேட வேண்டும். தலைகீழாகவும் தள்ளிப் பாருங்கள். நிமிர்ந்தபோதும் தலைகீழாகவும் ஒரே இறக்கை தரையை நோக்கி விழுந்தால் அந்த இறக்கையின் முன்விளிம்பில் குறை இருக்கிறது, அல்லது அது கனம். ஃபோமைத் தேய்க்கும்போது ஒரு பக்கம் கூர்மையாகவும் மறு பக்கம் உருண்டையாகவும் வந்திருக்கும். அட்டையில் முன்விளிம்பின் வடிவத்தை வெட்டியெடுத்து, இரண்டு இறக்கையிலும் நாலைந்து இடங்களில் வைத்துப் பாருங்கள். நிமிர்ந்தபோது ஒரு இறக்கையும் தலைகீழாக மற்றதும் விழுந்தால், மறுபடியும் முறுக்குதான். மேல்நோக்கி முறுக்கிய இறக்கை நிமிர்ந்தபோது முந்திக்கொண்டு ஸ்டால் ஆகும். தலைகீழானதும் மற்ற இறக்கையின் முறை.

எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாமல் மாறி மாறிப் புரண்டால் இறக்கையில் பிசகில்லை. அசைவு அதிகம், அல்லது ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கிறது.

ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் உடற்பகுதியை ஒட்டி அசையும் பரப்பு) உள்ள விமானத்தில், எலிவேட்டரை இழுக்கும்போது ஃபிளாப் 2, 3 மி.மீ. கீழேயும், தள்ளும்போது அதே அளவு மேலேயும் போகும்படி மிக்ஸ் செய்தால் இறக்கை இன்னும் இறுக்கமான வட்டத்தைத் தாங்கும். இது நல்ல கருவி. ஆனால் மையமும் முறுக்கும் சரியான பிறகுதான் இதைச் சேர்க்க வேண்டும்.

ரோல் நேர்கோட்டில் வரவில்லை

ரோலின்போது விமானம் எங்கே விலகுகிறது என்று பிரித்துப் பாருங்கள். தலைகீழாக இருக்கும் பாதியில் மட்டும் மூக்கு கீழே விழுந்தால் அது ரோலின் குறை இல்லை. அந்தக் கணத்தில் ஸ்டிக்கை லேசாகத் தள்ள வேண்டும். நிறையத் தள்ள வேண்டியிருந்தால் மூக்கு கனம் என்று முன்னாலேயே பார்த்தோம்.

வால் ஒரு வட்டம் வரைந்தபடி முழுப் பாதையும் திருகினால் எய்லரான்கள் சமமாக அசையவில்லை. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மேலே 12 மி.மீ. என்றால் கீழேயும் 12 மி.மீ. இருக்க வேண்டும். மேலே அதிகம், கீழே குறைவு என்ற ஏற்பாடு சாதாரண கிளைடரில் மூக்கு எதிர்த்திசையில் இழுபடுவதைத் தடுக்கும். தலைகீழானதும் அதிகமாக அசையும் பக்கமே இறக்கையைத் தூக்கும் பக்கமாகிவிடுவதால், தடுக்க வேண்டிய இழுபறியை அதுவே கூட்டும்.

நாம் கேட்காமலேயே இந்த வித்தியாசம் வந்துவிடுவதும் உண்டு. சர்வோ கை நடுநிலையில் புஷ்ராடுக்குச் செங்கோணமாக இல்லாவிட்டாலோ, ஹார்னின் ஓட்டை கீல் கோட்டுக்கு நேர் கீழே இல்லாமல் பின்னால் தள்ளியிருந்தாலோ, மேலும் கீழும் அசைவு மாறும். ஓட்டையின் இடத்தைத் திருத்துங்கள். சர்வோ கை ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் கழற்றிச் சரியான பல்லில் மாட்டி, மிச்சத்தைப் புஷ்ராடின் நீளத்தில் சரிசெய்யுங்கள்.

வேகமாகப் போகும்போது ரோல் மந்தமாகிறது

மெதுவாகப் பறக்கும்போது நன்றாக உருளும் விமானம், டைவ் அடித்து வேகம் எடுத்ததும் எய்லரானுக்குச் சரியாகக் கீழ்ப்படியவில்லை என்றால் இறக்கை முறுக்கத்தில் பலவீனமாக இருக்கிறது. எய்லரான் கீழே இறங்கும்போது காற்று அதைத் தூக்கும். அதே விசை இறக்கையின் பின்பகுதியைத் தூக்கி, முன்விளிம்பைக் கீழே திருப்பும். எய்லரான் கொடுத்த தூக்குவிசையை இறக்கையே தின்றுவிடும். மிகவும் மென்மையான ஃபோம் இறக்கையில் வேகம் இன்னும் கூடினால் விமானம் எதிர்ப்பக்கம்கூட உருளலாம்.

தடிமனான கார்பன் குழாய் போட்டிருக்கிறேனே என்று பலரும் குழம்புவது இங்கேதான். நடுக்கம்பி இறக்கை வளைவதைத் தடுக்கும். முறுக்கத்தைத் தடுப்பது மேற்பரப்பு. இறக்கையின் மேலும் கீழும், முன்விளிம்புக்கு 45 டிகிரி சாய்வாக, கண்ணாடி இழை டேப்பை X போலக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன் மேல் லேமினேஷன் ஃபிலிமையோ சுருங்கும் ஃபிலிமையோ இறுக்கிப் போடுங்கள். ஒட்டும் முன்னும் பின்னும் இறக்கை நுனியைக் கையால் முறுக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஒட்டும்போது இறக்கையை வெட்டியெடுத்தபோது மிஞ்சிய ஃபோம் அச்சுக்குள்ளேயே அது மட்டமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முறுக்கோடு சேர்த்து உறைந்துவிடும்.

எல்லா வேகத்திலும் ரோல் மெதுவாக இருந்தால் விஷயம் எளிது. அசைவைக் கூட்டுங்கள், எய்லரானுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள இடைவெளியை டேப்பால் மூடுங்கள். அந்த இடைவெளி வழியாகக் காற்று கசிந்தால் எய்லரானின் பலமும் அதோடு கசிந்துபோகும்.

பறக்கும்போது பர்ர்ர் என்று சத்தம்

இது ஃப்ளட்டர். எய்லரானோ எலிவேட்டரோ காற்றில் படபடக்கிறது. சில நொடிகளில் சர்வோ பல்லை உடைக்கும், கீலைப் பிய்க்கும். சத்தம் கேட்டதும் மூக்கை மெதுவாக எழுப்பி வேகத்தைக் குறைத்து இறக்கிவிடுங்கள். திடீரென்று இழுக்க வேண்டாம்.

இறங்கிய பிறகு ஒவ்வொரு பரப்பையும் விரலால் அசைத்துப் பாருங்கள். சர்வோவை இயக்கிய நிலையில் தளர்வு கையில் தெரியக் கூடாது. 1.5 மி.மீ. கம்பி 2 மி.மீ. ஓட்டையில் ஆடுவது, ஹார்ன் ஃபோமில் புதைந்து அசைவது, சர்வோ தன் குழியிலேயே நகர்வது ஆகியவற்றை வரிசையாகச் சரிபாருங்கள். ஹார்னுக்கு அடியில் மெல்லிய பிளைவுட் துண்டு பதித்து ஒட்டினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எய்லரான் நீளமாக இருந்து ஹார்ன் ஒரு முனையில் மட்டும் இருந்தால் மறுமுனை படபடக்கும். ஹார்னை நடுவுக்கு நகர்த்துங்கள்.

எய்லரானின் எடையையும் பாருங்கள். கீலுக்குப் பின்னால் எடை கூடக் கூட ஃப்ளட்டர் எளிதாகும். விழுந்து கிழிந்த பின்விளிம்பை டேப் மேல் டேப்பாக ஒட்டிச் சரிசெய்து வந்த பழைய விமானம் ஒருநாள் திடீரென்று சத்தம் போடுவது இதனால்தான். எய்லரானைப் புதிதாக லேசான பால்சா கட்டையில் செய்து மாட்டிவிடுங்கள்.

லூப்பின் உச்சியில் வேகம் தீர்ந்துவிடுகிறது

மோட்டார் இல்லாத விமானத்துக்கு வேகம்தான் எரிபொருள். அதை எங்கே வீணாக்குகிறது என்று தேட வேண்டும்.

முதலில் உங்கள் விரல். ஸ்டிக்கைச் சட்டென்று இழுத்தால் எலிவேட்டரே பிரேக் ஆகிவிடும். பெரிய வட்டமாக, மெதுவாக இழுக்கத் தொடங்கி உச்சியில் தளர்த்திப் பாருங்கள். இரண்டாவது, மூக்கு கனமா என்று மறுபடி பாருங்கள். மூக்கு கனமான விமானம் ஒவ்வொரு லூப்பிலும் கூடுதல் எலிவேட்டர் கேட்கும். மூன்றாவது, முன்விளிம்பில் படிக்கட்டு போல நிற்கும் டேப் ஓரம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சர்வோ, ஒழுங்கில்லாத இறக்கை இணைப்பு.

இவை சரியென்றால் விமானம் லேசாக இருக்கிறது. எடை கூடக் கூடாது என்று நினைத்துச் செய்தவருக்கு இது கசக்கும். ஆனால் பலமான காற்றில் லேசான விமானம் லூப்புக்குத் தேவையான உந்தத்தைச் சேர்த்துவைக்காது. எடையை 20 சதவீதம் கூட்டினால் பறக்கும் வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஸ்டால் வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஈர்ப்பு மையத்தின் நேர் மேலே இறக்கைக்குள் ஒரு குழாய் பதித்து, உலோகத் துண்டுகளை அதில் செருகி நுரையால் இறுக்கிவிட்டால் காற்றுக்கு ஏற்ப எடையைக் கூட்டலாம், குறைக்கலாம். துண்டுகள் உள்ளே நகர்ந்தால் மையம் மாறும் என்பதால் இறுக்கம் முக்கியம்.

மூக்கில் ஈயம் சேர்ப்பதை எடை கூட்டும் வழியாக நினைக்காதீர்கள். அதோடு, அடுத்த விமானம் செய்யும்போது வாலை லேசாகச் செய்யுங்கள். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் கேட்கும், அது லூப்புக்கு எதுவும் தராது.

ஸ்பின் தொடங்கவில்லை, அல்லது நிற்கவில்லை

தொடங்காவிட்டால் மையத்தை 2 மி.மீ. பின்னால் கொண்டுபோங்கள், எலிவேட்டர், ரடர் அசைவைக் கூட்டுங்கள். நிற்காவிட்டால் மையம் பின்னால் அதிகம். ஸ்டிக்குகளை நடுவில் விட்டு, சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் ரடர் கொடுத்து, எலிவேட்டரை லேசாகத் தள்ளுங்கள். வேகம் வந்த பிறகு மட்டும் இழுங்கள். இந்தச் சோதனைக்கு எவ்வளவு உயரம் கிடைத்தாலும் கூடுதல் என்று சொல்ல முடியாது.

காலையில் சரி, மதியம் டிரிம் மாறிவிடுகிறது

பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடும் பிளாஸ்டிக் புஷ்ராடு வெயிலில் நீளும். நீளமான எலிவேட்டர் இணைப்பில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு டிரிம்மை மாற்றும். கார்பன் குச்சி போட்டால் தீர்ந்தது. கறுப்பு, கருநீல ஃபிலிம் போட்ட இறக்கை வெயிலில் கிடந்தால் ஃபோம் சூடேறி முறுக்கிக்கொள்ளும். பறக்காத நேரத்தில் நிழலில் வையுங்கள். வாகனத்தின் மூடிய பின்பெட்டி நிழல் கணக்கில் சேராது.

திடீரென்று ஒரு கணம் எதுவும் கேட்கவில்லை

ரேடியோ அலைமேல் பழி போடும் முன் மின்சாரத்தைப் பாருங்கள். நான்கு டிஜிட்டல் சர்வோக்கள் லூப்பின் அடியில் ஒரே நேரத்தில் சுமை தாங்கும்போது, பழைய பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி தொடங்கும். வோல்ட்மீட்டரை மாட்டி, எல்லாப் பரப்புகளையும் உதவிக்கு ஒருவர் கையால் லேசாகத் தடுக்க, ஸ்டிக்குகளை வேகமாக ஆட்டிப் பாருங்கள். முள் பெரிதாகச் சரிந்தால் பேட்டரியையோ ரெகுலேட்டரையோ மாற்ற வேண்டும். மெல்லிய வயர், ஆடும் சுவிட்ச், துருப்பிடித்த கனெக்டர் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

மின்சாரம் சரி என்றால் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனாவில் கடைசி 31 மி.மீ. அளவுள்ள, மேலுறை உரித்த பகுதிதான் அலையைப் பிடிக்கிறது. அது கார்பன் உடற்பகுதிக்குள்ளே இருந்தால் கார்பன் அலையை மறைத்துவிடும். வெளியே எடுங்கள். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்கோணமாக வையுங்கள், கார்பன் குழாயோடும் பேட்டரியோடும் ஒட்டிப் போக வேண்டாம். பிறகு டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் சோதனை முறையில், அதன் கையேடு சொல்லும் தூரம் வரை நடந்து, ஒருவர் விமானத்தை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்ட, சர்வோக்கள் தடுமாறாமல் இயங்குகின்றனவா என்று பாருங்கள். தொடர்பு அறுந்தால் விமானம் எங்கோ பறந்துபோகாமல் அருகிலேயே இறங்கும்படி ஃபெயில்சேஃபையும் அமைத்துவிடுங்கள்.

இறங்கும்போது பிரேக் போட்டால் மூக்கு எழும்புகிறது

ஃபிளாப் கீழேயும் எய்லரான் மேலேயும் போகும் பிரேக்கில் மூக்கு துள்ளுவது வழக்கம். உயரத்தில் வைத்து பிரேக்கைப் பாதி, முழுது என்று போட்டு, மூக்கு அசையாத வரை எலிவேட்டருக்குக் கொஞ்சம் கீழ்நோக்கிய மிக்ஸ் சேருங்கள். மிக்ஸிங்கைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டிய இடம் இது.

நேற்று நன்றாகப் பறந்தது, இன்று எல்லாமே கோணல்

எதையும் அவிழ்க்கும் முன் காற்றைப் பாருங்கள். சரிவுக்கு நேராக அடிக்காமல் சாய்வாக அடிக்கும் காற்று, பக்கத்தில் இருக்கும் மேட்டின் பின்னால் சுழலை உண்டாக்கும். அந்தச் சுழலுக்குள் போகும்போதெல்லாம் ஒரு இறக்கை விழும், லூப் சாயும், டிரிம் மாறியது போலத் தோன்றும். ஒரு குச்சியில் நீளமான மெல்லிய நாடாவைக் கட்டி விளிம்பில் நட்டுப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் புரள்கிறது என்று தெரியும். இடம் மாறி நின்று, அதே லூப்பை எதிர்த்திசையிலிருந்து வந்து போட்டுப் பாருங்கள். வந்த திசையோடு சேர்ந்து கோளாறும் பக்கம் மாறினால் விமானத்தைத் தொடாமல் காற்று திரும்பும் வரை காத்திருக்கலாம். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே நிறப் பட்டை வெளியே தொங்கினால், கருவிப்பெட்டியைத் திறந்து எடைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.